இனாமாக வந்த மூன்று மூட்டை

மரத்தூள் மூட்டை வாங்கும்போது சென்ச்சோ கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுப் பார்ப்பான். மேலே தூளும் அடியில் மண்ணுமாக வைத்து ஒருவன் அவனை ஏமாற்றிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து கை விட்டுப் பார்க்காமல் ஒரு மூட்டையையும் அவன் இறக்கவிட்டதில்லை. சான் ஹசிந்தோ ஊருக்குக் கீழே ஆற்றோரமாகப் பதினோரு செங்கல் சூளைகள் இருந்தன. மற்ற பத்துச் சூளைக்காரர்களும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"ஒத்தீலியா ஆக்குற அவரைக் குழம்புக்குள்ளயும் கையை விட்டுப் பார்த்துட்டுத்தான் சாப்பிடுவான் இந்த மனுசன்" என்பாள் பக்கத்துச் சூளைக்காரி கூக்கா. ஒத்தீலியா அவன் மனைவி. அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

முழுப்பெயர் கிரெசென்சியோ தோவார். 1988இல் அவனுக்கு நாற்பத்தேழு வயது. சந்தேகம் அவனுக்கு அப்பன் விட்டுப்போன சொத்து. பள்ளிக்கூடம் கட்ட ஓரமாகக் கொஞ்சம் இடம் விட்டதற்கு நன்றிக் கடிதம் என்று சொல்லி ஒரு காகிதத்தில் அப்பனிடம் கைநாட்டு வாங்கினார்கள். அது ஆற்றங்கரை வயல் முழுவதையும் விற்ற பத்திரம் என்று ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடமும் வரவில்லை. பன்னிரண்டு வயது சென்ச்சோ, சோப்பு சுற்றி வந்த பழைய செய்தித்தாள்களை வைத்துக்கொண்டு தானாகவே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டான். படித்த பிறகும் நிம்மதி வரவில்லை. எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்ததும், எழுதாமல் விட்டது என்ன என்ற கவலை வந்து சேர்ந்தது.

ஓட்டு விஷயத்தில் மட்டும் அவன் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்பட அதில் ஒன்றுமே இல்லை. அறுபது வருஷமாக ஒரே தரப்புதான் ஜெயித்தது. தேர்தலுக்கு முன்னால் ஆள் வருவான், கூரைக்கு ஒரு தகரம் தருவான், ஓட்டு நாளில் ரொட்டிக்குள் பன்றிக்கறி வைத்துத் தருவான். சென்ச்சோ அவன் காட்டிய சின்னத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டு வருவான். அந்த ஜூலையில் எதிர்த்தரப்பில் நாலு கட்சிகள் சேர்ந்து ஒரே ஆளை நாலு சின்னத்தில் நிறுத்தின. சென்ச்சோ தகரத்தை வாங்கிக்கொண்டான், ரொட்டியையும் தின்றான். பிறகு கசாப்புக்கூடத்து முற்றத்தில் கட்டியிருந்த ஓட்டுச்சாவடி மறைப்புக்குள் போய், அந்த நாலில் ஒன்றில் கறுப்பு மெழுகுப் பென்சிலால் குறி போட்டான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மடிக்கும்போது சீட்டின் பின்பக்கம் நீல மையில் ஒரு கிறுக்கல் கண்ணில் பட்டது. யார் யாருக்குப் போட்டார்கள் என்று பிறகு கண்டுபிடிப்பதற்காக வைத்த அடையாளம் என்றே அவனுக்குத் தோன்றியது. கட்டைவிரலில் எச்சில் தொட்டு அதை நன்றாகத் தேய்த்து மழுப்பிவிட்டுத்தான் பெட்டியில் போட்டான்.

எண்ணிக்கை இயந்திரம் நின்றுபோய்விட்டது, முடிவு வரத் தாமதமாகும் என்று வானொலியில் சொன்னார்கள். "மெஷினுக்கு வயித்தால போகுதாம்" என்றாள் கூக்கா. ஒரு வாரம் கழித்து இயந்திரத்துக்கு உடம்பு தேறியது. வழக்கமான தரப்பே ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது. கசாப்புக்கூடத்துச் சாவடியில் எதிர்த்தரப்புக்கு விழுந்த ஓட்டு முப்பத்தொன்று என்று சுவரில் ஒட்டினார்கள்.

"முப்பத்தொண்ணா? என் வீட்டுலயே ஒன்பது பேரு!" என்று கூக்கா ஆற்றங்கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

ஊரே வீடு வீடாகக் கூட்டிப் பார்த்தது. யார் கூட்டினாலும் கணக்கு முப்பத்தொன்றைத் தாண்டியது. ஜனங்கள் நகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால் சதுக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்பாரோ டீச்சர் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள். பக்கத்து ஊர்களிலும் இப்படித்தான், தலைநகரில் தெரு கொள்ளாத கூட்டம் என்றார்கள். சென்ச்சோ போகவில்லை. கத்துகிறவர்கள் எல்லாம் உண்மையிலேயே அந்தப் பக்கம் ஓட்டுப் போட்டவர்கள்தானா என்று அவனுக்கு ஒரு சந்தேகம்.

ஜூலை மாதக் கடைசியில் ஒருநாள் நாபோர் லாரியில் மரத்தூள் கொண்டுவந்தான். சென்ச்சோவின் மகனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் அவன். அந்த உறவு முறையில் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இருபது மூட்டை சொல்லியிருந்தான் சென்ச்சோ. இருபத்துமூன்று இறங்கியது.

"மூணு அதிகமா இருக்கே, கொம்பாத்ரே."

"இனாம். வெச்சுக்க."

"எதுக்கு இனாம்?"

"மழைக்காலத்துல தூள் நமத்துப் போயிருக்கு, இது சேர்ந்தா சுருக்கா எரியும். தானியக் கிடங்கு காவக்காரன் ஏத்தி விட்டான். பழைய பள்ளிக்கூடக் காயிதமாம், எரிச்சுடச் சொன்னான்."

"காவக்காரனுக்கு என் மேல என்ன அவ்வளவு பாசம்?"

நாபோர் பெருமூச்சு விட்டான். "உனக்கு ஒருத்தன் தண்ணி குடுத்தாக்கூட நாய்க்கு ஊத்திப் பார்த்துட்டுத்தான் குடிப்பே. நான் வரேன்" என்று லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

லாரி மேடேறி மறையும் வரைக்கும் சென்ச்சோ நின்றான். பிறகு ஒரு மூட்டையை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டான். மேலே ஒரு சாண் தூள். அதற்குக் கீழே காகிதம், மடித்த காகிதம். ஒன்றை உருவிப் பிரித்தான். மெழுகுப் பென்சிலின் வாடை அடித்தது. சின்னங்கள் வரிசையாக அச்சடித்திருந்தன. எதிர்த்தரப்பின் நாலு சின்னத்தில் ஒன்றின் மேல் கோணலாக ஒரு பெருக்கல் குறி. இன்னொன்றைப் பிரித்தான். அதிலும் அதே தரப்பு. ஏழெட்டு பிரித்தான், எல்லாம் அதேதான். எல்லாவற்றையும் திணித்து மூட்டையைக் கட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

யாரோ தன்னை மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. நாளைக் காலையில் போலீஸ் வரும், மூட்டை இங்கே இருக்கும், திருடியவன் சென்ச்சோ ஆகிவிடுவான். அடுத்ததாக நாபோரின் முகம் ஞாபகம் வந்தது. அவன் ஏன் அவ்வளவு சீக்கிரம் கிளம்பினான்? எப்போதும் ஒரு கிண்ணம் ஆத்தோலே கஞ்சி குடிக்காமல் போகமாட்டானே.

ஒத்தீலியா சோள மாவில் தோர்த்தியா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த மாவு உருண்டையைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் அந்த நாலு சின்னமா?"

"பார்த்தது எல்லாம் அதுதான்."

"அப்ப என்னோடதும் அதுல இருக்குமா?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உன்னோடதா? நீ வழக்கமா போடுறதுலதானே போட்டேன்னு சொன்னே?"

"நீயும் அப்படித்தான் சொன்னே, கிழவா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷம் ஒரே கூரையின் கீழே வாழ்ந்துவிட்டு, இருவரும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள். ஒத்தீலியாவுக்குச் சிரிப்பு வந்தது. சென்ச்சோவுக்கு வரவில்லை. இவள் வேறு என்னென்ன மறைத்திருப்பாள் என்று அவன் மனசு ஓடியது.

"எரிச்சுடு" என்றாள் அவள் கடைசியில். "எரிக்கத்தானே குடுத்தாங்க."

"அதான் எனக்குப் பிடிக்கல. அவங்க எரிக்கச் சொன்னா நான் ஏன் எரிக்கணும்?"

சூளைக்குள் இன்னும் சுடாத பச்சைக் கல் பாதி அடுக்கியிருந்தது. அதன் நடுவே ஒரு குழி விட்டு மூன்று மூட்டையையும் இறக்கி, சுற்றியும் மேலேயும் கல் அடுக்கி மூடினான். இனிமேல் தீ மூட்ட முடியாது. மழை என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் அந்த வாரம் பார்த்து ஒரு துளி மழை இல்லை.

"வானம் கண்ணாடி மாதிரி இருக்கு. ஏன்டா தீ மூட்டாம உக்காந்திருக்கே?" என்று கூக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"சாயங்காலம் மழை வரும்."

"உனக்கு மட்டுமா?"

மூன்றாம் நாள் ஒரு மனிதன் வந்தான். லீரா என்று பேர் சொன்னான். சேறும் சகதியுமான ஆற்றங்கரைக்கு அவன் வந்த காலணி பளபளவென்று இருந்தது. ஐயாயிரம் கல் வேண்டும், சிற்றாலயம் கட்ட என்றான். சென்ச்சோ வழக்கம்போல் விலையைக் கொஞ்சம் ஏற்றியே சொன்னான். லீரா தலையை ஆட்டி, பாதிப் பணத்தை அங்கேயே கொடுத்துவிட்டான்.

"எதை வெச்சுச் சுடுறீங்க, தோன்?" என்று தோன் போட்டு மரியாதையாகக் கேட்டான் போகிற போக்கில்.

"மரத்தூள்."

"வேற ஒண்ணும் கலக்கிறதில்லையே?"

"வேற என்ன கலக்கணும்?"

"சும்மா கேட்டேன். என்னிக்குத் தீ மூட்டுறீங்க? நானும் வந்து பார்க்கணும்."

"அடுத்த சனிக்கிழமை" என்று வாயில் வந்ததைச் சொன்னான் சென்ச்சோ.

அவன் போனதும் ஒத்தீலியாவிடம் வந்தான். "செங்கல் வாங்க வந்த எவனாவது பேரம் பேசாம போய்ப் பார்த்திருக்கியா?"

"இல்ல."

"அவன் கல்லு வாங்க வரல."

மறுநாள் சென்ச்சோ முதல் தடவையாகச் சதுக்கத்துக்குப் போனான். எதிரே கடைகளின் வளைவுக்குள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நின்றான். ஊர்க்காரர்கள் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். பெரிய அண்டாவில் அவரை வெந்துகொண்டிருந்தது. "ஒவ்வொரு ஓட்டையும் எண்ணு!" என்று கத்தினார்கள், களைத்தபோது சீட்டு ஆடினார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நகராட்சியில் தம்பி வேலை பார்க்கிறவன் ஒருவன் முன்வரிசையில் ஏன் உட்கார்ந்திருக்கிறான்? கழுத்தில் கேமரா மாட்டியிருப்பவன் யார்? இரண்டாம் நாள் மதியம் சுட்ட சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நின்றவனைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். லீரா. அதே பளபளக்கும் காலணி.

அப்படியானால் அவன் இவர்களுடைய ஆளா, இல்லை இவர்களுக்குள்ளே விட்டு வைத்த ஆளா? இரண்டில் எது என்று தெரியாமல் சென்ச்சோ அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. மூட்டையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் என்றைக்காவது யாரிடமாவது அவன் மாட்டத்தான் போகிறான். சூளையில் மேல்கல்லை விலக்கி, கைக்கு எட்டிய மூட்டையிலிருந்து ஒன்பது சீட்டை எடுத்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்க்கப் போனான். ஒன்பது போதும், ஆளை எடை போட.

அம்பாரோ டீச்சர் கூடாரத்துக்குள் இருந்தாள். பக்கத்தில் மருந்துக்கடை தோன் அபுந்தியோ. சென்ச்சோ தொப்பியைக் கழற்றிச் சீட்டுகளை மேசையில் வைத்தான்.

டீச்சர் ஒன்றைப் பிரித்தாள். அவள் முகம் மலரும் என்று நினைத்தவன் ஏமாந்தான். சுருங்கியது.

"எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

"கிடைச்சுது."

"யார் அனுப்பினா?"

"யாரும் அனுப்பல. நானாதான் வந்தேன்."

"தோன் சென்ச்சோ, தப்பா நினைக்காதீங்க. போன வாரம் பக்கத்து ஊர்ல இப்படித்தான் ஒருத்தன் கொண்டாந்து குடுத்தான். எல்லாம் புதுசா அச்சடிச்சது. நம்ம ஆளுங்க அதைத் தூக்கிக்கிட்டு தலைநகர் வரைக்கும் போய் அசிங்கப்பட்டு வந்தாங்க."

மருந்துக்கடைக்காரர் ஒன்பது சீட்டையும் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். "கசாப்புக்கூடத்துல பூத் ஏஜென்ட் நான்தான். ஒவ்வொரு சீட்டுக்கும் பின்னால என் கையெழுத்து போட்டாத்தான் விடுவேன்னு அடம் பிடிச்சேன். வரிசையில நின்ன அத்தனை பேரும் என் அம்மாவைத் திட்டுனாங்க. இதுல ஒண்ணுலயும் என் கையெழுத்து இல்லையே?"

"யாருய்யா உனக்கு இதைக் குடுத்தது?" என்றான் நகராட்சியில் தம்பி வேலை பார்க்கும் அந்த முன்வரிசைக்காரன், கூடாரத்துக்குள் தலையை நீட்டி. "கூரைத் தகரம் வாங்கினவன்தானே நீ?"

யாரோ சிரித்தார்கள். சென்ச்சோ தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். காது இரண்டும் எரிந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பார்த்த பார்வையால் அன்று அவனை மற்றவர்கள் பார்த்தார்கள். அது இவ்வளவு சுடும் என்று அவனுக்குத் தெரியாது.

பாதி வழியில் நின்றான். நீல மை. கிறுக்கல். அது கையெழுத்தா?

வீட்டுக்கு வந்ததும் சூளையைப் பிரித்தான். மூன்று மூட்டையையும் உள்ளறைக்குத் தூக்கிப் போய், பாயில் கொட்டி, அவனும் ஒத்தீலியாவும் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் பின்பக்கம் பார்த்தார்கள். முதல் இரண்டு மூட்டையில் ஒன்றுமில்லை, வேறு எந்தச் சாவடியோ. மூன்றாவது மூட்டையில் நடுவுக்கு வந்தபோது ஒத்தீலியா "இந்தா" என்றாள். பன்றி வால் மாதிரி சுழித்த நீலக் கையெழுத்து. அதன் பிறகு வரிசையாக வந்தது. இரண்டு நாள் ஆயிற்று பிரித்து முடிக்க. அபுந்தியோவின் கையெழுத்துள்ள சீட்டு இருநூற்று எண்பத்தாறு. சுவரில் ஒட்டியது முப்பத்தொன்று.

சென்ச்சோ அந்த இருநூற்று எண்பத்தாறையும் மறுபடி ஒருமுறை பார்த்தான். இன்னொரு முறையும் பார்த்தான்.

"என்ன தேடுறே?"

"என்னோடதை. நான் எச்சில் வெச்சுத் தேய்ச்சுட்டேன். மை மழுங்கியிருக்கணும். இதுல ஒண்ணுகூட அப்படி இல்ல."

ஒத்தீலியா பாயின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"கோவிச்சுக்காதே. தேர்தல் முடிஞ்ச அஞ்சாம் நாள் நீ பல்லு பிடுங்கப் போயிருந்தியே. அன்னிக்கும் நாபோர் ரெண்டு மூட்டை இனாமா போட்டுட்டுப் போனாரு. நான் சூளை வாயில கொட்டிட்டேன்."

"பார்க்காமயா?"

"பார்த்தா எரியும், பார்க்காட்டி எரியாதா? நல்லா எரிஞ்சுது. சொன்னா நீ திருப்பி அனுப்பச் சொல்லுவே. இனாம்னாலே உனக்குக் குளிர்ஜுரம் வந்துரும்."

அவன் கத்துவான் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவன் கத்தவில்லை. முற்றத்துக்கு வந்து சூளையைப் பார்த்தபடி நின்றான். வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் சொல்லாமல் தானாகப் போட்ட ஓட்டு. அதைச் சுட்டது அவன் சூளைதான். அந்தக் கல் எல்லாம் விற்றுப் போய்விட்டது.

சனிக்கிழமை சொன்னபடி தீ மூட்டினான். சீட்டுகள் அப்போது துவைக்கிற துணிக் கூடைக்குள், ஒத்தீலியாவின் பாவாடைகளுக்கு அடியில் இருந்தன. லீரா வந்தான். சூளை வாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மண்வெட்டித் தூளையும் உற்றுப் பார்த்தான். சென்ச்சோவுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, உங்களுக்கு என்னதான் வேணும்? யாரோட ஆளு நீங்க?"

லீரா மிரண்டுபோனான். "நான் பாதர் வீட்டுப் பையன், தோன். அவர் அக்கா மகன். டயரைக் கொளுத்திச் சுட்ட கல்லு ஆலயத்துக்கு ஆகாதுன்னு மாமா சொல்லிட்டாரு. கண்ணால பார்த்துட்டு வரச் சொன்னாரு."

"அப்ப ஏன் பேரம் பேசல?"

"சாமி காரியத்துக்குப் பேரம் பேசக்கூடாதுன்னும் சொன்னாரு."

"சதுக்கத்துல என்ன வேலை உங்களுக்கு?"

"அங்கதான் சோளம் நல்லா சுடுறாங்க."

இன்னும் கொஞ்சம் விலை ஏற்றிச் சொல்லியிருக்கலாம் என்று சென்ச்சோவுக்கு அன்று முழுக்க வருத்தமாக இருந்தது.

திங்கட்கிழமை மருந்துக்கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுவந்து கூடையைக் காட்டினான். அபுந்தியோ தன் கையெழுத்தைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் அம்பாரோ டீச்சர் வந்தாள். "அன்னிக்கு உங்களை அப்படிப் பேசவிட்டது என் தப்பு" என்றாள். சீட்டுகளைத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும், வக்கீல்கள் சாட்சியம் சேர்க்கிறார்கள் என்றாள்.

"அனுப்ப வேணாம். நானே கொண்டுபோறேன்."

"எங்களை நம்பலையா, தோன்?"

"நீங்க என்னை நம்ப எத்தனை நாள் ஆச்சு?"

டீச்சர் சிரித்துவிட்டாள்.

ஊர்க்காரர்களாகச் சேர்ந்து இரண்டு பேருந்தில் போனார்கள். ஆறு மணி நேரமும் சென்ச்சோ மூட்டையின் மேலேயே உட்கார்ந்து போனான். தலைநகரின் பெரிய சதுக்கத்தில் கால் வைக்க இடமில்லை. அவ்வளவு கூட்டத்தை அவன் கண்டதில்லை. ரயில்வேக்காரர்கள், மாணவர்கள், குழந்தையை முதுகில் கட்டிய பெண்கள், சாமி சப்பரத்துக்குப் பின்னால் போவது மாதிரி மெதுவாக நடக்கும் கிழவர்கள். எல்லோரும் ஒரே குரலில் கத்தியபோது அவன் நெஞ்சுக்குள் என்னவோ அசைந்தது. வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்றவன் தன்னைப் பார்க்கிறானா என்று பார்த்துக்கொண்டு, பிறகு அவனும் கத்தினான்.

வக்கீல்கள் இருந்த வீட்டில் நீள மேசை போட்டிருந்தார்கள். அவனைப் போலவே நிறையப் பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவனிடம் பாதி கருகிய சீட்டு, இன்னொருத்தியிடம் ஆற்றில் மிதந்து நைந்த கட்டு. அவர்களைப் பார்த்ததும் சென்ச்சோவுக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒரு இளம் வக்கீல் அவன் முன்னாலேயே எண்ணி எழுதிக்கொண்டான்.

"உங்களுக்கு இதைக் கொண்டாந்து குடுத்தது யாரு?"

நாபோரின் பேர் நாக்கு நுனி வரை வந்தது. அந்த லாரி, அந்தப் பெருமூச்சு, குடிக்காமல் போன கஞ்சி. அவனுக்குத் தெரிந்திருக்கும், தெரியாமல் இருக்காது. ஆனால் பேரைச் சொன்னால் நாளைக்கு அவன் வீட்டு வாசலில் யார் போய் நிற்பார்கள் என்று யார் கண்டது?

"ஆத்துல வந்துச்சு" என்றான் சென்ச்சோ.

"மூட்டை நல்லா காஞ்சிருக்கே, ஐயா?"

"சூளைக்காரன் வீட்டுல எதுதான் காயாது?"

வக்கீல் காகிதத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தான். "உங்க பேராவது போடுவீங்களா?"

சென்ச்சோ காகிதத்தை மூன்று முறை படித்தான். வரிக்கும் வரிக்கும் நடுவே யாராவது பிறகு எதையாவது எழுதிச் சேர்க்க முடியாதபடி இடைவெளிகளில் கோடு போடச் சொன்னான். வக்கீல் சலிக்காமல் போட்டான். பிறகு சென்ச்சோ தன் முழுப்பெயரையும் எழுதினான்.

அதனால் ஒன்றும் நடக்கவில்லை. செப்டம்பரில் நாடாளுமன்றம் கூடி வழக்கமான தரப்பின் ஆளையே ஜனாதிபதி என்றது. மூட்டையை யாராவது திறந்து பார்த்தார்களா என்றுகூடத் தெரியாது. ஆனால் சாட்சியம் கொடுத்தவர்களின் பட்டியலை ஒரு செய்தித்தாளில் அச்சடித்துவிட்டார்கள், பெருமைக்காக. அதில் அவன் பேர் இருந்தது: கிரெசென்சியோ தோவார், செங்கல் சூளை, சான் ஹசிந்தோ. இரண்டு வாரத்தில் புகை அதிகம் என்று அவன் சூளைக்கு மட்டும் பூட்டுப் போட உத்தரவு வந்தது. மற்றப் பத்துச் சூளையும் அதே புகையை விட்டுக்கொண்டிருந்தன. ஏழு மாதம் கூக்காவின் சூளையில் கூலிக்குக் கல் அறுத்தான்.

நாபோர் ஒருநாள் அங்கே வந்தான். லாரி இல்லாமல் நடந்து வந்தான். கிடங்குக்கு லாரி ஓட்டிய வேலை போய்விட்டது, காவல்காரன் ஊரிலேயே இல்லை, இரண்டு பேர் வந்து தன்னை வீட்டு வாசலில் வைத்து விசாரித்துவிட்டுப் போனார்கள் என்றான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், கொம்பாத்ரே. என் பேரைச் சொன்னியா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சொல்லல. ஆத்துல வந்துச்சுன்னு சொன்னேன்."

நாபோர் கசப்பாகச் சிரித்தான். "பெத்த தாய் பால் குடுத்தாலே சந்தேகப்பட்டிருப்பே நீ. உன்னை நான் நம்பணுமா?"

சென்ச்சோவுக்குச் சுள்ளென்று வந்தது. "அப்ப நீ சொல்லு. மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

"கஞ்சி குடிக்காம ஏன் ஓடினே?"

"உன் கேள்விக்குப் பயந்துதான் ஓடினேன், மடையா!"

இருவரும் சொன்னது உண்மையாக இருக்கலாம். அப்படியும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் நாபோர் அந்தப் பக்கம் வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் சென்ச்சோ தொப்பியைத் தொடுவான், நாபோரும் தொடுவான், அவ்வளவுதான்.

மகன் எலெயுத்தேரியோவின் கல்யாணத்துக்கு ஞானத்தகப்பனைக் கூப்பிடாமல் முடியாது. ஒத்தீலியாதான் போய்க் கூப்பிட்டாள். நாபோர் சவரம் செய்து, புதுச் சட்டை போட்டு வந்தான். மணமக்களின் பெற்றோருக்குப் போட்டிருந்த மேசையில் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். வான்கோழியும் மிளகாய்க் கூழும் வந்தது. பேச்சில்லாமல் சாப்பிட்டார்கள்.

"ரேடியோ கேட்டியா?" என்றான் நாபோர் கொஞ்ச நேரம் கழித்து. "அந்த வருசத்துச் சீட்டை எல்லாம் நாடாளுமன்றத்துக்கு அடியில பூட்டி வெச்சிருந்தாங்கல்ல. அதையும் எரிச்சுடப் போறாங்களாம்."

"கேட்டேன்."

"மறுபடி எண்ணவே இல்லையாம்."

"எண்ணவா வெச்சிருந்தாங்க?"

நாபோர் மெஸ்கால் சாராயக் குப்பியை எடுத்து இரண்டு பேருக்கும் ஊற்றினான். "அன்னிக்கு எனக்குத் தெரியாது, சென்ச்சோ. ரெண்டாவது தடவை ஏத்தும்போது கொஞ்சம் சந்தேகம் வந்துச்சு. கேக்கப் பயம்."

இப்படிப் பாதியாகச் சொன்னதால் சென்ச்சோவுக்கு அது நிஜமென்று பட்டது. முழுசாகச் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டான்.

"நானும் உன் பேரைச் சொல்லத்தான் பார்த்தேன்" என்றான். "வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் சொல்லல."

நாபோர் அவன் முகத்தையே பார்த்தான். பிறகு கோப்பையை எடுத்தான். நம்பினானா இல்லையா என்று சென்ச்சோவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தான்.

சென்ச்சோ எழுபத்துமூன்று வயது வரை இருந்தான். கசாப்புக்கூடத்துச் சாவடியில் நடந்த ஒரு தேர்தலையும் அவன் விட்டதில்லை. தகரமும் ரொட்டியும் அதன் பிறகு வாங்கவில்லை. காலையில் முதல் ஆளாகப் போய் நிற்பான், யாருக்குப் போட்டான் என்று வீட்டில் சொல்லவும் மாட்டான். முட்டி வலியோடு கோலை ஊன்றிக்கொண்டு கிளம்புகிறவனை ஒருமுறை மருமகள் மறித்தாள்.

"இவ்வளவு பார்த்த பிறகும் எதுக்கு மாமா போறீங்க? எண்ணுறதையே நம்பமாட்டீங்களே."

"போகலைன்னா என் ஓட்டை வேற எவனாவது போட்டுருவான்" என்று சொல்லிவிட்டு அவன் மேட்டில் ஏறிப் போனான்.